பைக்கஸ் மயில் என்று நம்பி 48,000 ரூபாயைப் பறிகொடுத்தேன்

மயில், யானை என்று உருவமாக வெட்டிய செடிகளை வாங்க எண்ணியிருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றை இறுதியில் எழுதுகிறேன்.

தெஹிவளையில் எங்கள் சிறிய முற்றத்தில் அத்தி இனத்தைச் சேர்ந்த பைக்கஸ் செடி ஒன்றை ஆறு வருடங்களாகக் கத்தரித்து உருண்டையாக வளர்த்து வருகிறேன். மயிலென்றால் கம்பிச் சட்டம் கட்டி, இளங்கிளைகளை அதன் வழியே வளைத்து, தோகை அடர்ந்து நிரம்பும்வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் வளர்ந்ததையே வாங்கலாம் என்று, சமூக வலைத்தளமொன்றில் படம் போட்டு விற்கும் பூங்கன்று வியாபாரி ஒருவரிடம் வாசலின் இரு பக்கமும் வைக்க ஒரு சோடி மயில் கேட்டேன்.

சாடிகளை இறக்கிய அன்று அவர் மயிலின் நெஞ்சுப் பக்கத்தில் ஓர் இலையைக் கிள்ளி, விரலில் வடிந்த வெள்ளைப் பாலைக் காட்டி, “பாருங்க அக்கா, பால் வருது, உயிருள்ள மரம்” என்றார். அந்தத் துளிப் பாலை நம்பித்தான் 48,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் தோகை மங்கத் தொடங்கியது. இடம் மாறினால் பைக்கஸ் இலை கொட்டும் என்றார். அது உண்மையென்பதால் மேலும் ஒரு வாரம் பொறுத்தேன். ஆனால் உயிருள்ள கிளை இலையை உதிர்க்கும், வெட்டிய கிளையிலோ இலை காய்ந்தும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே தரையில் ஓர் இலைகூட இல்லை. நேற்றுத் தோகையை விலக்கிப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. நடுவில் வேர்விட்ட ஒரேயொரு செடி. கழுத்தும் தோகையும் எங்கோ வெட்டிய கொப்புகள், மெல்லிய பச்சைக் கம்பியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவர் கிள்ளிக் காட்டிய நெஞ்சு மட்டும் இன்னும் பசுமையாக நிற்கிறது. மற்ற மயிலும் அப்படித்தான்.

தண்ணீர் கூடிவிட்டது என்றார், பிறகு கடற்காற்று என்றார், பிறகு தான் ஊரில் இல்லை என்றார். இன்று என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். வலைத்தளத்துக்கு முறையிட்டால், விற்பனைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் பதில் வருகிறது. என் 48,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு?

இலைகளை விலக்கி, ஒவ்வொரு கிளையும் தண்டில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். கிள்ளிப் பார்க்கும் இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள், அதுவும் தோகை நுனியில். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மற்றவற்றை எழுத இப்போது மனம் ஓடவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன்.