ஃபிலிமா, டிஜிட்டலா: எந்தப் படத்துக்கு எது?

செலவு: 35 மி.மீ. ஃபிலிமில் 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடுவதால், ஒவ்வொரு டேக்கும் (ஒரு காட்சியை ஒருமுறை எடுப்பது) கச்சா ஃபிலிமையும் லேப் செலவையும் விழுங்குகிறது. டிஜிட்டலில் காட்சிகளை நகலெடுத்தபின் அதே மெமரி கார்டை மீண்டும் பயன்படுத்தலாம்.

திரையிடல்: ஃபிலிம் பிரிண்டில் ஓட ஓடக் கீறல் விழும். டிஜிட்டல் பிரதி நூறாம் நாளும் முதல் நாள் போலவே தெரியும். ஆனால், பூட்டிய பிரதியைத் திறக்கும் கேடிஎம் எனும் டிஜிட்டல் சாவி வந்து சேராவிட்டால் காட்சியே கிடையாது.

ஆயுள்: இதில் நான் ஃபிலிம் பக்கம். குளிர்ச்சியான, ஈரமற்ற அறையில் வைத்த நெகட்டிவ் பல பத்தாண்டுகள் தாங்கும் (அசிடேட் எனும் பிளாஸ்டிக்கில் ஆன சுருளை வெப்பத்தில் போட்டுவைத்தால் வினிகர் நெடியடித்துச் சுருங்கிவிடும் என்பது வேறு கதை). டிஜிட்டல் கோப்புகளையோ சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய டேட்டா டேப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே, புதுமுகங்களை வைத்துப் பல டேக் எடுக்கும் சிறு முதலீட்டுப் படத்துக்கு டிஜிட்டலே பொருந்தும். ஒத்திகை பார்த்து அளந்து எடுப்பவர், பணமும் பொறுமையும் இருந்தால், ஃபிலிமை நாடலாம்.