ரெட்ரோ சி9 எல்இடி சரம்: பழைய புறநகர் ஸ்டேஷன் வெளிச்சம் இதில் வருகிறதா?

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் ரயில் தடம், நியூ ஜெர்சியின் மோரிஸ் அண்ட் எசெக்ஸ், பிலடெல்பியாவின் மெயின் லைன், சிகாகோவிலிருந்து அரோரா போகும் பர்லிங்டன் தடம். இவற்றில் எதை எடுத்தாலும், பழைய நாள் ஸ்டேஷன் கிறிஸ்துமஸ் அலங்காரம் எப்படி இருந்தது என்று கேட்டால் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை விளிம்பு நெடுகக் கட்டைவிரலைவிடப் பருமனான கலர் பல்புகள், கதவில் சிவப்பு நாடா கட்டிய ஊசியிலை வளையம், டிக்கெட் கவுண்டர் ஓரமாக ஒரு சின்ன மரம். அந்தக் கூரை பல்பின் பெயர் சி9. அதே உருவத்தை இப்போது ‘ரெட்ரோ’, ‘விண்டேஜ்’ என்ற அடைமொழியோடு எல்இடியில் விற்கிறார்கள். ஸ்டேஷனை அலங்கரிக்கும் ஊர்க் குழுக்களும், வீட்டுத் தாழ்வாரத்தையே குட்டி ஸ்டேஷனாக மாற்றிப் பார்க்கும் ரயில் பித்தர்களும் வாங்குகிறார்கள். பெட்டி மேல் உள்ள படம் அச்சு அசல். மாட்டி எரியவிட்டால் பாதிதான் தேறுகிறது. மற்ற பாதியைச் சில மாற்றங்கள் செய்துதான் வரவழைக்க வேண்டும்.

முதலில் அளவு, ஏனென்றால் ஆன்லைனில் ஆர்டர் செய்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பெயரில் உள்ள எண்கள் எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. சி9 என்றால் விட்டம் 9/8 அங்குலம், சி7 என்றால் 7/8. சி9-இன் மரை இ17, அதாவது 17 மி.மீ.; சி7-க்கு இ12. ஒன்று மற்றொன்றின் ஹோல்டரில் ஏறாது. இன்னொரு குழப்பம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. இந்த மாதிரி விளக்கை ‘சீரியல் செட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் சி9-க்கு முந்தைய சி6 சரத்துக்குத்தான் சரி: 15 வோல்ட் பல்பு எட்டைத் தொடராகக் கோத்து 120 வோல்ட்டில் மாட்டுவார்கள், ஒன்று போனால் எட்டும் அணையும். பல்பைக் கழற்றி மாட்டும் சி9 சரம் பேரலல் இணைப்பு. ஒன்று போனால் அந்த ஒன்று மட்டும்தான் இருட்டு. பனிக்காலத்தில் ஏணி போட்டு ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

சந்தையில் மூன்று ரகம் கிடைக்கிறது. பட்டை தீட்டிய பிளாஸ்டிக் ஓடு கொண்டது மலிவு, கடைகளில் அதிகம் கண்ணில் படுவதும் அதுவே. ஸ்டேஷன் தோற்றத்துக்கு அது உதவாது. உள்ளே இருக்கும் எல்இடிப் புள்ளி ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாகத் தெறிப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் பல்பின் உருவமே தெரிவதில்லை, ஊசி முனைகள்தான் தெரிகின்றன. இரண்டாவது ரகம் வழவழப்பான, ஒளிபுகாப் பூச்சு போன்ற ஓடு உடையது. ‘செராமிக்’ அல்லது ‘ஒபேக்’ என்று போட்டிருப்பார்கள். பழைய பெயின்ட் பூசிய கண்ணாடி பல்பு போல முழுப் பல்பும் மினுங்கும். வாங்க வேண்டியது இதைத்தான். மூன்றாவது, தெளிந்த கண்ணாடிக்குள் எல்இடி இழை வைத்தது. வெள்ளை ஒளிக்கு அழகு. ஆனால் கண்ணாடி என்பதால் ஏணியிலிருந்து கை தவறினால் அவ்வளவுதான்.

ரகத்தைவிட முக்கியமான ஒன்று: பல்பைக் கழற்ற முடிகிறதா? ஒயரோடு வார்த்து ஒட்டிய செட்டுகளில் எல்இடிகள் பகுதி பகுதியாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஓர் எல்இடியின் கம்பி முனை துருப்பிடித்தாலே கால்வாசிச் சரம் செத்துவிடும், மாற்றவும் வழியில்லை. ஹோல்டர் ஒயர் தனி, பல்பு தனி என்று வாங்குவதே புத்திசாலித்தனம். 25 பல்பு கொண்ட எல்இடிப் பெட்டி தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 30 டாலர். ஒயர் செலவு வேறு.

இனி நிறம். ஏக்கத்தோடு வாங்குகிறவர்கள் மனம் நொந்து போவது இங்கேதான், காரணம் நீலம். வழக்கமான பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு, மஞ்சள் ஐந்தும் சரிசமமாக, 25-க்கு ஐந்தைந்து இருக்கும். பழைய குண்டு பல்பிலும் இதே விகிதம்தான். ஆனால் சூடான டங்ஸ்டன் இழை தரும் ஒளியில் நீலப் பங்கு மிகக் குறைவு. அதன் மேல் நீல பெயின்ட் பூசினால் வெளியே வருவது மங்கலான, ஆழ்ந்த ஒளி மட்டுமே. வரிசையில் நீல பல்பு இருக்கிற இடம் ஏறக்குறைய ஓர் இடைவெளி மாதிரி இருக்கும். கண்ணில் நிற்பது சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும். அந்தக் கதகதப்பான தோற்றத்தின் ரகசியமே அதுதான். எல்இடியில் கதை தலைகீழ். நீலம் தரும் சில்லு நேரடியாக நீலத்தையே உமிழ்வதால், கூரை முழுவதையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பக்கத்துச் சுவரும் நீலம் பாய்கிறது. பச்சையும் மயில் கழுத்துப் பக்கம் சாய்கிறது. ஆரஞ்சோ, பல மாடல்களில் நாலடி தள்ளி நின்றால் சிவப்பிலிருந்து பிரித்தறிய முடியாது.

தீர்வு எளிது. 25 பல்புச் சரத்தில் நீலத்தை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்து, காலியான மூன்று இடத்தில் இரண்டு மஞ்சளும் ஒரு கதகதப்பு வெள்ளையும் போடுங்கள். நிறம் நிறமாகப் பெட்டி வாங்கினால் இது சுலபம். கலவைப் பெட்டி வாங்கினால் நீலம் மிஞ்சும். வெள்ளை வாங்கும்போது, ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் 2700 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். 5000-க்கு மேல் போனால் ஸ்டேஷன் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும்.

அடுத்த சிக்கல், ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிவது. மலிவான எல்இடி 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு பாதி அலையில் மட்டும் எரியும். மறுபாதியில் அணைந்து கிடக்கும். பிளாட்பாரத்தில் சும்மா நிற்கிறவர் அதைக் கவனிக்க மாட்டார். நிற்காமல் மணிக்கு 60 மைலில் கடந்து போகும் எக்ஸ்பிரஸ் வண்டி நொடிக்கு 88 அடி போகிறது. அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் விளக்கு வரிசை துண்டு துண்டாக வெட்டிய கோடாகத் தெரியும். குண்டு பல்பின் இழை அந்த இடைவெளியில் ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அதனால்தான் பழைய விளக்குகள் ஜன்னலில் நீண்ட கோடாக இழுபட்டன. அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் உள்ள பல்பு நொடிக்கு 120 முறை துடிக்கிறது. வெட்டு முழுதாக மறையாவிட்டாலும் வெகுவாகக் குறைகிறது. பெட்டியில் எழுதவில்லையா? இருட்டறையில் பல்பை ஏற்றி, அதன் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பனி விஷயத்தில் எல்இடி தோற்றுத்தான் போகிறது, அதை மறைக்க முடியாது. 7 வாட் குண்டு பல்பு விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். மேலே விழும் பனி உருகி, ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் குழி விழும். அந்தக் குழியின் உள்சுவர் சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிரும். எல்இடி மேல் விழுந்த பனி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. கனத்த பனிக்குப் பிறகு பாதி வரிசை போர்வைக்குள் மங்கிக் கிடக்கும். பல்பு தலைகீழாகத் தொங்கும்படி மாட்டினால் இது குறையும், ஹோல்டருக்குள் நீர் தேங்குவதும் குறையும்.

அப்படியானால் குண்டு பல்பையே வாங்கினால் என்ன? தாராளமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் அமலுக்கு வந்த பல்புத் திறன் விதி, 310 லூமனுக்கு (ஒளியின் அளவு) மேற்பட்ட பொது விளக்குகளுக்கானது. சி9 அந்த எல்லையைத் தொடவே தொடாது. தடை கரன்ட் கணக்கில்தான் இருக்கிறது. அடிக்கொன்றாக 25 பல்பு, தலா 7 வாட் என்றால் ஒரு சரம் 175 வாட். 200 அடிக் கூரைக்கு 1400 வாட், சுமார் 11.7 ஆம்பியர். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து எரியும் பளுவுக்கு 80 சதவீதம், அதாவது 12 ஆம்பியர்தான் கணக்கு. பழைய ஸ்டேஷன் வராந்தாவில் அந்த ஒரே சர்க்யூட்டில் வேறு விளக்கும் ஓடும். மெல்லிய 18 கேஜ் ஒயரில் இவ்வளவையும் ஒரே முனையிலிருந்து ஊட்டுவதும் ஆபத்து. பிளக்கில் உள்ள ஃபியூஸ் முதலில் போகும், யாரோ பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர் சூடாகும். எல்இடியில் அதே 200 பல்பு, ஒன்று 0.6 வாட் என்று வைத்தாலும் 120 வாட்தான்.

ஆகவே கலந்து போடுங்கள். கூரை முழுக்க எல்இடி. ஆட்கள் நிமிர்ந்து கிட்டப் பார்க்கும் கதவு நிலையைச் சுற்றி மட்டும் பத்து நிஜக் குண்டு பல்பு, 70 வாட். பேரலல் இணைப்பு என்பதால் ஒரே சரத்தில் இரண்டும் இருக்கலாம். ஒரு நிபந்தனை: காய்ந்த ஊசியிலைத் தோரணத்தை ஒட்டி குண்டு பல்பு கூடவே கூடாது. வெட்டிய தழை இரண்டு மூன்று வாரத்தில் சருகாகிவிடும்.

ஒயரை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, முனையில் அழுத்திப் பூட்டும் பிளக் மாட்டலாம். ஒயரின் மேல் வரிவரியாக மேடு ஓடிய பக்கம் நியூட்ரல். அது பிளக்கின் அகலத் தகடு இருக்கும் பக்கம் வர வேண்டும். மழையில் ஜிஎஃப்சிஐ (மின்கசிவைக் கண்டால் கரன்ட்டை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆனால், பத்துக்கு ஒன்பது முறை காரணம் தரையில் கிடக்கும் பிளக் இணைப்பு. தரையிலிருந்து தூக்கி, வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். இணைப்புக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுவது நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு: உள்ளே புகுந்த நீர் வெளியேறாது. கிளிப் பல்புக்கு ஒன்று, கஞ்சத்தனம் வேண்டாம். வளையும் வரிசை ஸ்டேஷன் போல இருக்காது, துணி காயப்போட்ட கொடி போல இருக்கும். ரயில் அதிர்வில் மரை மெல்ல மெல்லக் கழலும். அதனால் மாட்டிய வாரக் கடைசியில் ஒருமுறை எல்லா பல்பையும் கால் சுற்று இறுக்குங்கள்.

நிஜ ஸ்டேஷனில் மாட்டுபவர்கள் பிளாட்பாரப் பக்கத்தை ரயில்வேயின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. லாங் ஐலண்டில் மூன்றாவது தண்டவாளத்தில் 700 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. மோரிஸ் அண்ட் எசெக்ஸில் தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். காற்றில் பறக்கும் உலோகப் பூச்சு ஜிகினா அந்தக் கம்பியில் பட்டால் வண்டிகள் நிற்கும். அங்கே ஜிகினாவே வேண்டாம். சிவப்பு, பச்சை, மஞ்சள் விளக்கு ஓட்டுநர் கண்ணுக்கு சிக்னல் போலத் தெரியும் இடமும் வேண்டாம்; கலர் எல்லாம் தெருப் பக்கம், தண்டவாளப் பக்கம் கதகதப்பு வெள்ளை.

டைமர்தான் கடைசி, அதிலும் பெட்டியோடு வருவது பொருந்தாது. ‘இருட்டினால் எரி, ஆறு மணி நேரம் கழித்து அணை’ என்ற சென்சார் டைமர் டிசம்பரில் நாலரைக்கு எரிந்து பத்தரைக்கு அணைந்துவிடும். நள்ளிரவு வண்டியில் இறங்குகிறவருக்கு இருட்டுக் கூரைதான். பழைய நாளில் கவுண்டர் ஏஜென்ட் சுவிட்சைப் பார்த்துக்கொண்டார். இன்று பல ஸ்டேஷன்களில் அந்த ஆளே இல்லை. சிகாகோவின் புறநகர் ரயில் நிறுவனமான மெட்ரா 2024 தொடக்கத்தில் மிச்சமிருந்த டிக்கெட் கவுண்டர்களையும் மூடியது. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு முறை எரியும்படி நேரம் வைக்கக்கூடிய டைமரைத் தனியாக வாங்குங்கள்: மாலை 4 முதல் கடைசி வண்டி போகும்வரை, காலை 5 முதல் ஏழரை வரை. சென்சார் ரகம்தான் கையில் இருக்கிறது என்றால், பிளாட்பார விளக்கின் ஒளி படாத மூலையில் வையுங்கள். அந்த ஒளி பட்டால் அது பகல் என்று நம்பி, சீசன் முழுக்க எரியவே எரியாது.

வாங்கும்போதே ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து உபரி பல்பு எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அதே கம்பெனியின் அதே பச்சை வேறு பச்சையாக வரலாம்.