முப்பது கேள்வியில் உங்கள் அறம்: மாரல் ஃபவுண்டேஷன்ஸ் கேள்வித்தாள் தேறுமா?

ஒருவரின் அற உணர்வைப் பரிவு, நியாயம், விசுவாசம், அதிகாரம், தூய்மை என்ற ஐந்து அடித்தளங்களாகப் பிரித்து அளப்பது மாரல் ஃபவுண்டேஷன்ஸ் கேள்வித்தாள். யுவர்மாரல்ஸ் டாட் ஆர்க் தளம் வழியாகப் பரவிய இது இலவசம். ஜொனாதன் ஹைட், ஜெஸ்ஸி கிரஹாம் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. தாளில் 32 கேள்விகள் இருந்தாலும் மதிப்பெண்ணில் சேர்வது 30 மட்டுமே. மற்ற இரண்டும் பொறி. ஒருவர் கணக்கில் கெட்டியா என்பது சரி தப்பைத் தீர்மானிக்க முக்கியமா என்று 6-வது கேள்வி கேட்கும். கெட்டதைவிட நல்லது செய்வது மேல் என்பதை ஏற்கிறீர்களா என்பது 22-வது. முன்னதற்கு 3-ம் அதற்கு மேலும் போட்டாலோ, பின்னதற்கு 2-ம் அதற்குக் கீழும் போட்டாலோ, படிக்காமல் தட்டியிருக்கிறார் என்று பொருள். அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம்.

கையாலேயே மதிப்பெண் போடலாம், எளிதுதான். ஒவ்வொரு பதிலும் 0 முதல் 5 வரை. 1, 7, 12, 17, 23, 28 ஆகிய பதில்களைக் கூட்டினால் பரிவு. 2, 8, 13, 18, 24, 29 நியாயம். 3, 9, 14, 19, 25, 30 விசுவாசம். 4, 10, 15, 20, 26, 31 அதிகாரம். 5, 11, 16, 21, 27, 32 தூய்மை. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 30. தயாரித்தவர்களே தரும் ஒப்பீடு: அரசியலில் நடுவில் நிற்கும் அமெரிக்கரின் சராசரி இதே வரிசையில் 20.2, 20.5, 16.0, 16.5, 12.6. அது அமெரிக்கருக்கான அளவுகோல். மதுரைக்காரர் தூய்மையில் 20 வாங்கினால் அவர் அதீத ஆசாரக்காரர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஐந்துக்கும் பின்னால் ஒரு பரிணாமக் கதை இருக்கிறது. குட்டியைக் காக்கும் பாலூட்டியிடமிருந்து பரிவு, கொடுத்து வாங்கும் பழக்கத்திலிருந்து நியாயம், கூட்டணிச் சண்டையிலிருந்து விசுவாசம், குரங்குக் கூட்டத்தின் மேல்-கீழிலிருந்து அதிகாரம், கெட்ட உணவையும் நோயையும் கண்டு வரும் அருவருப்பிலிருந்து தூய்மை. இயல்பு முதல் வரைவை எழுதுகிறது, பண்பாடு அதைத் திருத்துகிறது என்பது இவர்கள் வாதம். வாதம் பலமானது. ஆனால் தாள் அளப்பது அந்தத் திருத்திய பிரதியை மட்டும்தான். உங்கள் மதிப்பெண்ணிலிருந்து எது இயல்பு, எது வளர்ப்பு என்று பிரிக்க வழியில்லை. இதை மறந்து ‘என் மூளை இப்படித்தான்’ என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம்.

பெரிய சறுக்கல் தூய்மையில். இந்த அடித்தளத்தின் வேர்களில் ஒன்று மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் குழு ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் செய்த ஆய்வு. கோயில் நகரத்தில் கிளைத்த கருத்து, தாளுக்கு வந்தபோது பாதி கற்பு, கடவுள் ஏற்பாரா, இயற்கைக்கு மாறானதா என்று மதவாடை அடிக்கும் கேள்விகளாகிவிட்டது. அருவருப்பானதைச் செய்வது பற்றிப் பொதுவாக இரண்டு கேள்விகள் உண்டு; எச்சில், அழுக்கு, நோய் பற்றி நேராக ஒன்றும் இல்லை. ஆகவே இங்கே கூடுதல் மதிப்பெண் பக்தியைக் காட்டுகிறதா, அருவருப்பைக் காட்டுகிறதா என்று பிரிப்பது கடினம். தமிழில் பெயர்ப்பவருக்கு இன்னொரு கண்ணி: ‘தூய்மை’ என்றதும் ‘தீட்டு’ நினைவுக்கு வரும், அதோடு சாதியும் வரும். பதிலளிப்பவர் எதற்குப் பதில் சொன்னார் என்றே தெரியாமல் போகும்.

விசுவாசமும் அப்படித்தான். நாட்டின் வரலாற்றில் பெருமையும், தப்பு செய்த குடும்பத்தாரை விட்டுக்கொடுக்காததும் ஒரே கூட்டலில் விழுகின்றன. தேசப்பற்று துளியும் இல்லாமல் அண்ணன் தம்பிக்காக உயிரை விடுபவரும், அதற்கு நேர் எதிரானவரும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். ஆய்வாளர் ஆலிவர் கர்ரியின் ‘ஒத்துழைப்பே அறம்’ கேள்வித்தாள் குடும்பத்தையும் குழுவையும் தனித்தனியாகப் பிரித்து ஏழு வகை பார்க்கிறது. நம்மூர் ஆட்களை வைத்து ஆய்வு செய்பவருக்கு அதுதான் பொருத்தம்.

வகுப்பில் விவாதத்தைக் கிளப்ப இந்த 30 கேள்விகள் அருமை. ஒரே ஆளை எடைபோட வேண்டாம்: ஓர் அடித்தளத்துக்கு ஆறே கேள்விகள், பரிவிலும் நியாயத்திலும் அவை ஒன்றோடொன்று இறுகப் பொருந்துவதுமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பை எடுங்கள். அதில் 36 கேள்விகள். நியாயம் என்பது சமத்துவம், உழைப்புக்கேற்ற பங்கு என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அளவுகோல் 1 முதல் 5 வரை என்பதால், பழைய தாளின் மதிப்பெண்ணோடு சேர்த்து வைத்து ஒப்பிட முடியாது.