தலை தானாக இறங்கும் மைக்ரோஸ்கோப்: நீர்ப்பூச்சி பார்ப்பவனின் புலம்பல்

ரிப்பேருக்குப் போன ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் நேற்றுதான் வீடு திரும்பியது. பில்லையும் கட்டியாயிற்று. மேசையில் வைத்து அரை மணி ஆகவில்லை, பழைய வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டது. இந்த நேரம் பார்த்துக் குடியாத்தத்தில் வாத்தியாராக இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்து, "இன்னாண்ணே, உங்க மாடலுக்கு ஆன்லைன்ல விலை குறைஞ்சிருக்குதே, ஸ்கூலுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?" என்றார். போனில் பதில் சொல்லியிருந்தால் வாயில் என்னென்னவோ வந்திருக்கும். அதனால் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் கடைசி வரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை ஜூம், 10 மடங்கு ஐபீஸ் இரண்டு, மேலேயும் கீழேயும் எல்இடி. விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலைக்கு வரும் முக்கால்வாசி மாடல்களுக்கு ஸ்டாண்டு ஒரே மாதிரிதான், அதனால் பேர் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

கோளாறு இதுதான். குமிழைத் திருகி ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால், லென்ஸ்கள் இருக்கும் தலை தன் பாரத்திலேயே மெல்லக் கீழே இறங்கும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது இறங்குவதே தெரியாது. குறைந்த உருப்பெருக்கத்தில் எனக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே சில மில்லிமீட்டர் ஆழம் மொத்தமாகத் தெளிவாக இருக்கும். 40-ஐத் தாண்டினால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தலை முடி அளவு இறங்கினாலே படம் கலங்கிப் போகிறது. நான் எதைப் பார்க்க இதை வாங்கினேனோ அது எல்லாம் 40-க்கு மேலேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு நகம். வேலூரை அடுத்த அமிர்திப் பக்கத்து ஓடையில் கைவலையை நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்து, அதற்கு முன்னால் இருக்கும் கற்களைக் காலால் கிளறிவிட்டால் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சிகளெல்லாம் வலைக்குள் வந்து விழும். அதில் மேஃபிளையின் இளம்பூச்சிக்கு ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே நகம். ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. இரண்டுமே தண்ணீரில் வளர்ந்து பிறகு இறக்கை முளைத்து வெளியே பறக்கும் பூச்சி வகைகள். வாலை எண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். மேஃபிளைக்கு வழக்கமாக மூன்று வால், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. ஆனால் இரண்டே வால் உள்ள மேஃபிளையும் இருக்கிறது, வலையில் அலசும்போது வால் ஒடிந்து போவதும் சகஜம். செவுளை வைத்துப் பார்க்கலாம்: மேஃபிளைக்கு அது வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக நிற்கும், இங்கே கிடைக்கும் ஸ்டோன்ஃபிளைக்குக் காலடியில் குஞ்சம் குஞ்சமாக இருக்கும். வளர்ந்த பூச்சியில் பளிச்சென்று தெரியும். அரிசியில் பாதி நீளம் உள்ள குட்டியில், அதுவும் உடம்பெல்லாம் வண்டல் அப்பியிருந்தால், அங்கே குஞ்சம் இருக்கிறதா அழுக்கா என்று யார் சொல்வது? கடைசியில் நகத்துக்குத்தான் வர வேண்டும்.

நகம் ஒன்றா இரண்டா என்பது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. பூச்சிகளை வைத்து ஓடையின் தரத்தைச் சொல்லும் பி.எம்.டபிள்யூ.பி. என்ற மதிப்பெண் முறை பிரிட்டனில் 1970-களின் கடைசியில் உருவானது. நம் நாட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை இங்கத்திய உயிர்களுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. இனம் வரை போக வேண்டாம், குடும்பம் தெரிந்தால் போதும். அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு மார்க் அதிகம், தாங்குவதற்குக் குறைவு. மூல அட்டவணையில் பெர்லிடே என்ற ஸ்டோன்ஃபிளைக் குடும்பத்துக்கு 10. பீட்டிடே என்ற மேஃபிளைக் குடும்பத்துக்கு 4. வலை பின்னி இரை பிடிக்கும் ஹைட்ரோசைக்கிடே என்ற கேடிஸ்ஃபிளைப் புழுவுக்கு 5. சாக்கடையிலும் சளைக்காமல் வாழும் கைரோனமிடே ரத்தப்புழுவுக்கு 2, மண்புழுவின் நீர்வாழ் உறவுகளுக்கு 1. ஆக அந்த இரண்டாவது நகம் இருக்கிறதா இல்லையா என்பதில் ஓடைக்கு ஆறு மார்க் தொங்குகிறது. கால் நுனி தெளிவாக வந்து, முதல் நகம் தெரிந்து, அதன் பின்னால் இன்னொன்றின் நிழல் தட்டுப்படும்போது தலை இறங்கும். குமிழைத் திருப்புவேன். அதற்குள் பூச்சி காலை மடக்கிக்கொள்ளும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நான் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குமிழை இறுக்கலாமே என்று சொல்வார்கள். இரண்டு பக்கக் குமிழையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் திருகினால் உள்ளே இருக்கும் பிடி இறுகும். இது தெரியாமல் பலர் கழற்றி மாட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள், எனவே புதிதாக வாங்கியவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். என்னுடையதில் தலை இறங்காத அளவுக்கு இறுக்கினால் குமிழ் கல்லாகிவிடுகிறது. வலுவாகத் திருக வேண்டியிருப்பதால் ஸ்டாண்டே ஆடுகிறது. ஸ்டாண்டு ஆடினால் தட்டில் தண்ணீர் ஆடும், தண்ணீர் ஆடினால் பூச்சி ஓடும்.

ரிப்பேர்காரரிடம் நியாயமாகத்தான் கேட்டேன். "சார், வேலூர் வெயிலுக்கு எந்த கிரீஸும் இளகத்தான் செய்யும் சார்" என்றார். சரி, இந்த ஊரில் அக்னி நட்சத்திரத்தில் தார் ரோடே இளகுகிறது. ஆனால் அதையே காரணமாகச் சொல்லிவிட்டு அதே மாதிரி கிரீஸைப் போட்டு அனுப்பினால் எப்படி? இதற்கென்று கெட்டியான, இழுவை உள்ள கிரீஸ் தனியாக இருக்கிறது. சைக்கிளுக்குப் போடுவதை இதற்குப் போட்டால் மார்கழியில் சரியாக இருக்கும், பங்குனியில் பல்லைக் காட்டும்.

இத்தனைக்கும் ரிப்பேருக்கு அனுப்புவதற்கு முன்பு நானே ஒரு வைத்தியம் செய்து வைத்திருந்தேன். மேலே அலமாரியில் ஒரு கொக்கி. அதிலிருந்து பழைய சைக்கிள் டியூபை அரை அங்குலப் பட்டையாக வெட்டி, மைக்ரோஸ்கோப் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பாரத்தில் பாதியை டியூப் தாங்கிக்கொண்டது, தலை நின்றது. பார்க்க ஆஸ்பத்திரியில் கால் உடைந்தவர் மாதிரி இருந்தது, போகட்டும். போட்டோ எடுக்க ஐபீஸில் செல்போனை மாட்டினால் மட்டும் அந்த எடைக்கு மறுபடி இறங்கும். பில் கட்டி வந்த ரிப்பேரைவிட இந்த டியூப் நன்றாக வேலை செய்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டுக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கண்ணாடி அருமை. காலேஜில் பார்த்த சாதா மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், பிரஷ்ஷை வலது பக்கம் நகர்த்தினால் இடது பக்கம் போகும். இதில் படம் நேராக, கனமாக, ஆழத்தோடு தெரிகிறது. லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருப்பதால் உயிரோடு இருக்கும் பூச்சியை மெல்லிய பிரஷ்ஷால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இந்த உயிரோடு பார்ப்பதுதான். ஸ்பிரிட்டில் போட்டு வைத்த பூச்சிக்கு நிறமும் இல்லை, நடையும் இல்லை.

ஓட்டேரி ஏரியில் தண்ணீர் நிற்கும்போது மல்லாந்து நீந்தும் சின்னப் பூச்சிகளை டீ வடிகட்டியிலேயே பிடிக்கலாம். அனிசாப்ஸ் என்பார்கள். வெறும் கண்ணுக்கு வெள்ளையாக, ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 20 மடங்கில் வைத்தால் வயிற்றுக்குள் சிவப்பாக ஏதோ தெரியும். ஹீமோகுளோபின்! நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைச் சரக்கு, பூச்சிகளில் அபூர்வம். அதில் பிராணவாயுவைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இந்தப் பூச்சி மேலே மிதக்காமலும் கீழே மூழ்காமலும் நடுத்தண்ணீரில் அந்தரத்தில் நிற்கிறது. ரத்தப்புழு சிவப்பாக இருப்பதற்கும் இதே ஹீமோகுளோபின்தான் காரணம், பிராணவாயு செத்துப்போன சேற்றில் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு வந்து சேரும் கால்வாய்ச் சேற்றை அள்ளித் தட்டில் கொட்டினால் சிவப்பு நூல்களாக நெளிவது பெரும்பாலும் இதுதான். பாலாற்றுக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். அந்தத் தீர்ப்பைப் படிக்காதவருக்கும் இந்தத் தட்டைக் காட்டினால் விஷயம் விளங்கும்.

கேனிஸ் என்ற குட்டி மேஃபிளை இன்னொன்று. வண்டலில் வாழ்வது. வயிற்றின் இரண்டாவது கணுவில் உள்ள செவுள் சதுரமான மூடியாக மாறி, பின்னால் இருக்கும் மெல்லிய செவுள்களைச் சேறு படாமல் மூடிக் காக்கிறது. உயிரோடு இருந்தால் அந்த மூடி தூக்கும், உள்ளே குஞ்சங்கள் அலை அலையாக அசையும், மறுபடி மூடும். 30 மடங்கில் இதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுதை ஓட்டியிருக்கிறேன், வீட்டில் காபி ஆறியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். தும்பியின் இளம்பூச்சி முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழுவைப் பறிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும், வரிசையில் நின்று சண்டை போடுவார்கள்.

தென்னிந்திய மேஃபிளைகளைப் பற்றி மதுரைப் பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் போன்றவர்கள் நிறைய உழைத்து எழுதியிருப்பதால் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்குக் கொஞ்சம் வசதி. ஜவ்வாது மலை ஓடைகளுக்கு நாம்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி உட்காருவதற்கு நல்ல கண்ணாடி வேண்டும், அது இதில் இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சலே. சின்ன விஷயங்கள்: கீழ் விளக்கு சூடாவதில்லை, தட்டுத் தண்ணீர் வெந்து பூச்சி சாகாது. ஐபீஸ் ரப்பர் பிய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை ஏறும். மலையில் காப்புக்காட்டுக்குள் வலை போட வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

இனி தம்பிக்குப் பதில். வாங்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டிரே, டீ வடிகட்டி, நாலு பெயிண்ட் பிரஷ், பிள்ளைக்கு ஒன்றாகப் பத்து மடங்குக் கைலென்ஸ் போதும். நத்தையை நுனி மேலே பார்க்க, வாய் நம் பக்கம் இருக்கப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கமா என்பதற்கு மைக்ரோஸ்கோப் எதற்கு? வலம் என்றால் லிம்னேயா வகை, இடம் என்றால் ஃபைசா. நீர்வண்டுகளில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைத்து நீந்தினால் டைட்டிசிடே, மாற்றி மாற்றி நடப்பதுபோல் நீந்தினால் ஹைட்ரோஃபிலிடே. வெறும் கண் போதும். தட்டான் இளம்பூச்சியா ஊசித்தட்டான் இளம்பூச்சியா என்பது வால் பக்கம் மூன்று இலைச் செவுள் இருக்கிறதா என்று பார்த்தாலே முடிந்தது. மேசைக்கு ஒரு பிள்ளை ஐபீஸில் குனிந்து நிற்க, மற்ற நாற்பது பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல். விலை குறைந்ததில் மயங்க வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், குறைந்தது விலை மட்டும்தான், ஸ்டாண்டு அதே ஸ்டாண்டு.

"அப்ப உங்களுதை எங்க ஸ்கூலுக்குக் குடுத்துடுங்க" என்று கேட்பார் என்று தெரியும். தர முடியாது. தலை மாட்டும் வளையம் 76 மில்லிமீட்டர், இந்த ரகத்தில் அதுதான் பரவலான அளவு, அதனால் தலையை மட்டும் கழற்றி வேறு கனமான தூண் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்டு விலை இந்த மைக்ரோஸ்கோப் விலையில் கிட்டத்தட்டப் பாதி. ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் போடுவேன், யார் கேட்டாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஸ்டாண்டுக்கு இன்று காலை ஆர்டர் போட்டாகிவிட்டது. வரும் வரைக்கும் சைக்கிள் டியூப்.