‘24 மணி நேரக் குளிர்ச்சி’ என்று சொல்லி விற்கப்பட்ட முதுகுப்பை

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருப்பதால், கைகள் இரண்டும் கைப்பிடிக் கம்பியைப் பற்றுவதற்கு இருக்கட்டும், சாப்பாட்டை முதுகில் சுமந்துகொள்ளலாம் என்றெண்ணி, இணையக் கடை ஒன்றில் 1,899 ரூபாய்க்கு ஒரு கூலர் முதுகுப்பை வாங்கினேன். ‘24 மணி நேரம் குளிர்ச்சி, ஒரு சொட்டும் கசியாது’ என்று அதன் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தது.

தயிர்சாதம், மோர், ஒரு கிலோ ஐஸ் கட்டி ஆகியவற்றுடன் விடியற்காலை சேலத்திலிருந்து கிளம்பினோம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலருகே வண்டியை நிறுத்திவிட்டுப் படியிறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியர்வை என்றுதான் நினைத்தேன், மோர் வாடை வரும்வரை. பாத்திரத்தின் மூடியைச் சரியாக அழுத்தாதது என் பிழைதான். ஆனால் உள்ளே சிந்துவது உள்ளேயே நிற்கும் என்று நம்பித்தானே கசியாத பையை வாங்குகிறோம்? நண்பகலில் திறந்தபோது ஐஸ் முழுவதும் வெதுவெதுப்பான நீராகியிருந்தது. தயிர்சாதம் புளித்து நுரைத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு மலைவாழைப்பழத்தால் பசியாறினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, அடி மூலையில் தையல் பிரிந்த இடத்தில் நுரைப்பஞ்சு தெரிந்தது. அதன் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. குளிரைக் காப்பது காற்றை அடைத்து வைத்திருக்கும் அந்தப் பஞ்சின் கனம்தான். உள்ளே பளபளக்கும் வெள்ளித்தாள் வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்புமே தவிர, துணி வழியாகக் கடத்தப்படும் வெப்பத்தைத் தடுக்காது. போதாக்குறைக்கு, உள்தாளின் விளிம்புகளைச் சூடேற்றி ஒட்டாமல் ஊசியால் தைத்திருந்தார்கள். தையலின் ஒவ்வொரு துளையும் நீர் கசிய ஒரு வழி.

‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்றது விற்பனையாளரின் பதில். 24 மணி நேரம் என்பது குளிரூட்டப்பட்ட அறையில், பை நிறைய ஐஸ் போட்டு, ஒருமுறையும் திறக்காமல் வைத்தால் கிடைக்கும் கணக்காம்! விளம்பரத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020 கூறுகின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவற்றில் உள்ளது. இதை மேற்கோள் காட்டி எழுதியும் அசையாதவர்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த புகார் எண்ணை அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள். அனுப்பும் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் தந்தார்கள்.

இத்தகைய பையை வாங்குபவர்கள், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள், பக்கச்சுவரை இரு விரல்களால் அழுத்திப் பாருங்கள். ஒரு விரல் மற்றொன்றுக்குத் தட்டுப்பட்டால் பஞ்சு போதாது. பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதுவரை விலை அட்டையைக் கிழிக்க வேண்டாம். அது கிழிந்திருந்ததைக் காட்டித்தான் என் முதல் கோரிக்கையை மறுத்தார்கள்.