திரையை வாங்குவதா, தட்டச் சொல்வதா?

வியாசர்பாடியில் உட்கார்ந்து தண்டையார்பேட்டை, எண்ணூர் ஆட்களின் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச சிஸ்டம்) கோளாறைப் பார்க்க எனக்கு இரண்டு வழி. ரிமோட்டில் திரையை வாங்கி நானே சரிசெய்வது ஒன்று. கட்டளையை அனுப்பி, வரும் பதிலை அவரையே அனுப்பச் சொல்வது இன்னொன்று.

ரிமோட் வேகம். பிரின்டர், தமிழ் விசைப்பலகை எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் நெட்டே வராதவர் திரையை எப்படி வாங்குவது? வேலண்ட் (லினக்ஸில் திரையைக் காட்டும் புதிய முறை) ஓடும் மெஷினில் சில ரிமோட் செயலிகள் வெறும் கறுப்புத் திரையைத்தான் காட்டும். பாஸ்வேர்டையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது.

காசிமேட்டு அண்ணன் ஒருவர், "தம்பி, வைஃபை ஐகானே காணோம்பா" என்றார். போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போடவைத்தேன். உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையைத் தட்டச் சொன்னால் கேப்பிட்டலில் தட்டி, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வாங்கினார். சின்ன எழுத்தில் தட்டியதும் 'பிராட்காம்' என்று வைஃபை சிப் கம்பெனி பெயரோடு ஒரு வரி வந்தது. அதற்குத் தனி டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். அடுத்த கட்டளைக்குப் பாஸ்வேர்ட் கேட்டது. அவருடைய லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-இல் பாஸ்வேர்ட் தட்டும் எழுத்து திரையில் தெரியாது. "கீபோர்டு செத்துப்போச்சு" என்று பதறினார். தெரியாட்டாலும் பரவாயில்லை, தட்டி என்டர் அடிங்கண்ணா என்றேன்.

முக்கால் மணி நேரம் ஆனது. டெதரிங் கிடைத்ததுமே ரிமோட் போட்டிருந்தால் பத்து நிமிஷம்தான். ஆனால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டில் மறுபடி வைஃபை போனபோது, நான் கேட்கும் முன்பே அந்த பிராட்காம் வரியை அனுப்பிவிட்டார்.

வயதானவர்களுக்கு மட்டும் ரிமோட்தான்.