டிரைவருடன் வாடகைக் காரில் சொந்த ஊர்ப் பயணம்: ஒரு மதிப்பீடு

சென்னையிலிருந்து புறப்பட்டு தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், காரைக்குடி ஆகிய ஊர்களில் உள்ள சொந்தங்களையும், முன்பு நாங்கள் வாழ்ந்த தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக, நானும் என் கணவரும் அண்மையில் டிரைவருடன் ஓர் இன்னோவா காரை வாடகைக்கு எடுத்தோம். தாம்பரம் பக்கம் சில வண்டிகளை மட்டும் வைத்து நடத்தப்படும் சிறிய டிராவல்ஸ் அது. கோயில் சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் இப்படி வண்டி எடுப்பவர்கள் நிறையப் பேர். வயதான தம்பதி, தங்களைவிட வயதான உறவினர்களைத் தேடிப் போகும் பயணத்துக்கு இந்தச் சேவை எவ்வளவு ஒத்துவரும் என்று யாராவது முன்பே எழுதியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன். வண்டியும் டிரைவரும் எங்களுக்கு முழு நிறைவு. வாடகையைக் கணக்கிடும் முறையிலும், டிரைவரை நிறுவனம் நடத்தும் விதத்திலும் எனக்குக் குறைகள் உண்டு.

ரயிலில் போயிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். கும்பகோணத்துக்கு உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, காரைக்குடிக்குப் பல்லவன் இருக்கிறது. ஒரே ஊருக்குப் போய்த் திரும்புவதென்றால் நாங்களும் ரயிலைத்தான் தேர்ந்தெடுப்போம். ஆனால் நான் பிறந்த தரங்கம்பாடிக்கு இன்று ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 1986-ல் நின்றுபோனது. அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது மயிலாடுதுறையில் இறங்கி, பெட்டிகளோடு பேருந்து மாறி, மறுநாள் அதே வழியில் திரும்பி வருவது எங்கள் முழங்கால்களுக்கு ஆகாது. செல்போன் செயலி வழியாக ஊருக்கு ஊர் ஒருவழி டாக்ஸி பிடிக்கலாம் என்பதையும் யோசித்தோம். இறக்கிவிட்டதும் அந்த வண்டி போய்விடும், சித்தி வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது, “பக்கத்தூரில் உன் மாமா மகள் இருக்கிறாளே, அவளையும் ஓர் எட்டு பார்த்துவிட்டு வரலாமா?” என்று யாராவது கேட்டால், மறுபடியும் வண்டி தேட வேண்டியிருக்கும். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும் பயணத்தில் இப்படிப்பட்ட கேள்வி எழாத நாளே இல்லை.

முன்பதிவு செய்யும்போதே நிபந்தனைகளைத் தெளிவாகச் சொன்னார்கள். அதைப் பாராட்ட வேண்டும். வெளியூர் வாடகை என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்ற கணக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும். கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணப்படும், அதாவது வண்டி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வரும் தூரமும் எங்கள் கணக்கில்தான் வரும். டிரைவர் பேட்டா தனி, டோல் தனி, பார்க்கிங் தனி, இரவு 10 மணிக்கு மேல் ஓடினால் இரவு பேட்டா தனி. அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இல்லாத வண்டி என்றால் புதுச்சேரி, காரைக்கால் எல்லைக்குள் நுழைவதற்கும் கட்டணம் உண்டு என்பதால், தரங்கம்பாடிப் பக்கம் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வண்டி வந்து நின்றதும் நம்பர் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை வைத்த சொந்த உபயோக வண்டிகளைக் குறைந்த வாடகைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும் என்பதால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் ஏறக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

டிரைவருக்கு நாற்பது வயது இருக்கலாம். புறப்படும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்தெந்த வீட்டுக்குப் போறோம்னு சொல்லுங்கம்மா, எங்கெங்க நேரமாகும்னு தெரிஞ்சா நான் அதுக்கேத்த மாதிரி ஓட்டுவேன்.” திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகப் போனோம். வேகத்தைக் கூட்டவோ முந்திச் செல்லவோ அவர் அவசரப்படவே இல்லை. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது, நாங்கள் கேட்காமலேயே வேகத்தைக் குறைத்து, ஆற்றைப் பார்க்க வசதியாக இடது ஓரமாக ஓட்டினார். என் கணவர் அதைக் கவனித்துவிட்டு, “நல்ல ஆள்தான் அமைஞ்சிருக்கார்” என்று மெல்லச் சொன்னார்.

தரங்கம்பாடியில் என் சித்தி இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். தன் அக்காவின் மருமகன் என்பதால் என் கணவரை இன்றைக்கும் “வாங்க மாப்பிள்ளை” என்று எழுந்து நின்றுதான் வரவேற்பார். கடற்கரையில் உள்ள மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கத்திலேயே கோயில் இருந்தும், கூட்டிப்போக ஆளில்லை. இன்னோவாவின் படி அவருக்கு மிகவும் உயரம். நாங்கள் தயங்கி நின்றபோது, டிரைவர் பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு சின்ன மர முக்காலியை எடுத்தார். அதன் கால்களில் பழைய டயர் ரப்பர் வெட்டி ஒட்டியிருந்தது. முக்காலியைத் தரையில் வைத்து, தன் காலால் அது நகராமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சித்தியின் கையைத் தன் தோளில் வைக்கச் சொன்னார். இறங்கும்போதும் அப்படியேதான். வயதானவர்களை அடிக்கடி ஏற்றுவதால் தானே செய்துவைத்தது என்றார். நான் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பதற்கு இந்த முக்காலி ஒன்றே போதும்.

1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது; அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கற்பாறைகளுக்குப் பின்னால் எஞ்சியது நிற்கிறது. என் அப்பா சாயங்காலங்களில் என்னை அழைத்து வந்த இடம் அது. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் சுவர்வரை சித்தி மெதுவாக நடந்து வந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, என் அம்மாவின் கல்யாணக் கதையை நான் இதுவரை கேட்டிராத விதத்தில் சொல்லத் தொடங்கினார். பொழுது சாய்ந்து இருட்டும் வரை பேச்சு நீண்டது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, அருகில் வந்து நிற்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதன் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான் என்று அன்று தோன்றியது. ஆனால் பில்லில் அது கிலோமீட்டர் என்ற பெயரில்தான் வருகிறது.

கும்பகோணத்தில் என் கணவர் வங்கி வேலையில் சேர்ந்த காலத்தில் நாங்கள் குடியிருந்த வீடு, சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை இராமானுஜன் வாழ்ந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு நீண்ட வீட்டின் பின்கட்டுப் போர்ஷன். 1992 மகாமகத்துக்கு இரு பக்கத்துச் சொந்தங்களும் அந்த ஒற்றை அறையில்தான் வந்து தங்கினார்கள். குளக்கரை நெரிசலில் பலர் இறந்துபோன செய்தி வந்ததும், என் மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் திரும்பி வரும்வரை பெயர் சொல்லிச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். இந்த முறை அந்த வாசலில் நின்று அதை நினைத்துப் பார்த்தோம். வீடு கைமாறிவிட்டது, இப்போது இருக்கும் குடும்பம் எங்களை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தது.

சேவையைப் பொறுத்தவரை இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தின் சன்னதித் தெருக்களில் இன்னோவா போன்ற வண்டி சுலபமாகத் திரும்பாது, நிறுத்தவும் இடம் கிடைக்காது. டிரைவர் மகாமகக் குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, எங்களை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். திரும்ப அழைத்துவர மட்டும் சரியான நேரத்துக்கு வந்தார். டெல்டா ஊர்களுக்குள் அதிகம் சுற்றுகிறவர்கள், இரண்டே பேர் என்றால், சிறிய செடான் வண்டியை எடுப்பது நல்லது. உறவினர்களையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் நாங்கள் பெரியதை எடுத்தோம்.

அடுத்தது பணக் கணக்கு. சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஏறத்தாழ 280 கி.மீ.; அங்கிருந்து கும்பகோணத்துக்கு 60, தஞ்சாவூருக்கு இன்னும் 40, காரைக்குடிக்கு 100, அங்கிருந்து சென்னை திரும்ப 420. மொத்தம் 900 கி.மீ. வரும்; உள்ளூரில் சுற்றுவதைச் சேர்த்தாலும் 1100-ஐத் தாண்டுவது கடினம். இதே பாதையை ஆறு நாட்களில் முடிக்கிற ஒருவர், நாளொன்றுக்கு 250 என்ற கணக்கில் 1500 கி.மீ.க்குப் பணம் கட்டுவார். அதாவது ஓடாத 400 கி.மீ.க்கு, எரியாத டீசலையும் சேர்த்து விலை கொடுக்கிறோம். கோயில் கோயிலாக ஓடுகிறவர்களுக்கு இது நஷ்டமில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்காருகிறவர்களுக்கு நஷ்டம். வண்டியை நிறுத்திவைத்தாலும் அவர்களுக்குத் தவணை ஓடுகிறது, டிரைவருக்குச் சம்பளம் உண்டு என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு நாள் வாடகை என்று ஒன்றை வைத்து, ஓடிய தூரத்துக்குத் தனியே கேட்டால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். ஒரே ஊரில் தங்கும் நாட்களுக்கு, அந்த ஊர் வண்டியையே 10 மணி நேரம், 100 கி.மீ. என்ற உள்ளூர் பேக்கேஜில் எடுப்பது மலிவு. ஆனால் அப்படிச் செய்தால் டிரைவர் மாறிக்கொண்டே இருப்பார். அதிகப் பணம் போனாலும் ஒரே டிரைவர் என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டு அதிக நேரம் தங்காமல் கிளம்பினோம். புதுக்கோட்டை தாண்டித் திருமயம் கோட்டையை வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு காரைக்குடி சேர்ந்தோம். என் கணவரின் ஊர் அது. அழகப்ப செட்டியார் 1947-ல் தொடங்கிய கல்லூரியில் படித்தவர். அங்கே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அந்த மனிதர் கொடுத்த கதையை, அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் சொல்வார். டிரைவருக்கும் முழுக்கச் சொன்னார். நாத்தனார் வீட்டில் தரை பெயர்ந்திருந்ததால், அவரையும் தரைக் கல் செய்யும் ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனோம். பட்டறையில் ஒருவர் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றினார். அச்சை நேராக மேலே தூக்கியபோது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. அதன் மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பிக் கரணையால் அழுத்தினார். காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைக் கழற்றினால் பளபளப்பு தானாக வந்துவிடுகிறது. நாத்தனார் தேர்ந்தெடுத்தது, அவர்கள் அப்பா கட்டிய கூடத்தில் இருந்த அதே சிவப்பு, மஞ்சள் பூ. கற்களின் எடையைக் கேட்டு, எத்தனை அட்டைப் பெட்டி வண்டியில் ஏற்றலாம், மீதியை எப்படி லோடு ஆட்டோவில் அனுப்பலாம் என்று டிரைவர்தான் பேசி முடித்தார்.

குறைகளில் முக்கியமானது, டிரைவர் தூங்குவதற்கு நிறுவனம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்பது. அவர் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார் என்று அலுவலகத்தில் இயல்பாகச் சொன்னார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பு வைத்த நாட்டில், மறுநாள் எங்களை நெடுஞ்சாலையில் ஓட்டிச்செல்லப் போகிறவர் கொசுக்கடியில் படுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிரைவர்களுக்கென்று தனி அறையும் குளியலறையும் உள்ள விடுதிகளாகப் பார்த்துத் தங்கினோம். காரைக்குடியில் நாத்தனார் வீட்டு முகப்பு அறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். விடுதியில் அறை பதிவு செய்யும்போதே டிரைவர் அறை உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று பில். இரவு 10 மணிக்கு முன்பே வண்டி நின்ற ஒரு நாளுக்கும் இரவு பேட்டா சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் தொடக்க, முடிவு கிலோமீட்டரும் நேரமும் எழுதி நாங்கள் கையெழுத்திட்ட டிரிப் ஷீட்டைக் காட்டிய பிறகே நீக்கினார்கள். டோலுக்கு இப்போது ஃபாஸ்டாகில் பணம் போய்விடுவதால் கையில் ரசீது எதுவும் வராது. பணம் கட்டும் முன் ஃபாஸ்டாக் கணக்கின் நகலை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேட்டாவை அலுவலகத்தில் கட்டாமல் டிரைவர் கையிலேயே கொடுத்து ஷீட்டில் குறித்துக்கொள்வதும் நல்ல வழக்கம்.

அடுத்து மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் கணவரின் பெரியம்மா பிள்ளைகள் வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதே டிரைவரை அனுப்புவதாக இருந்தால் மட்டும் வண்டி வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். தை பிறந்துவிட்டால் முகூர்த்த நாட்களுக்கு எல்லா வண்டியும் போய்விடும். இப்படிப் பயணம் போக நினைப்பவர்கள் கார்த்திகையிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும்.